டூகோ பெயின்ட் பூசிய பேஸ் கிட்டார்

1980களில் புதுச்சேரிக்காரர் ஒருவருக்கு பேஸ் கிட்டார் மீது ஆசை வந்தால், நேரு வீதியில் ஒரு கடை ஏறி வாங்கிவந்துவிட முடியாது. சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். 1842இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கி, பின்னால் மியூசி மியூசிக்கல் ஆன மவுண்ட் ரோட்டுக் கடையின் முன்னால் போய் நிற்க வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் சேர்ந்த அந்தக் காலத்தில் வெளிநாட்டு வாத்தியம் கச்சேரிக்காரர் வருமானத்துக்கு எட்டாத பொருள். மிச்சமிருந்தது கொல்கத்தா. கிவ்சன், கிப்டோன் என்ற பெயர்களில் அங்கே செய்த கிட்டார்கள்தான் இந்தியா முழுக்க எத்தனையோ பேருக்கு முதல் கிட்டார். ஆனால் ஆறு கம்பிக் கிட்டார் கிடைத்த அளவுக்கு நான்கு கம்பி பேஸ் கிடைக்காது.

புதுச்சேரிக்கு மட்டும் இன்னொரு வாசல் இருந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தாக்களும் இங்கே நிறைய. ஜூலை, ஆகஸ்டில் பாரீசிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரரின் பெட்டியில் சென்ட் பாட்டிலோடும் சாக்லேட்டோடும் ஒரு செட் பேஸ் ஸ்ட்ரிங்கும் வரும். நான் முதன்முதலில் தொட்டுப் பார்த்த நல்ல ஸ்ட்ரிங் அப்படி வந்ததுதான்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்டால், எங்கள் தலைமுறையின் ஒரே பதில் இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அடுத்த சில வருடங்களில் பேஸ் என்ற வாத்தியத்தின் வேலையே தமிழ்ப் பாட்டில் மாறிப்போனது. தாளத்துக்குத் துணையாக அடியில் கிடந்த ஒலி, பாடகரின் மெட்டுக்கு எதிர் மெட்டாகத் தனியே நடக்க ஆரம்பித்தது. அந்தப் பாட்டுகளில் பலவற்றுக்கு பேஸ் வாசித்தவர் சசிதரன். கேசட் வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயர் தெரியாது. எங்களைப் போன்ற ஆர்கெஸ்ட்ரா பையன்களுக்கோ அவர் விரல் போன வழிதான் பாடம். டீக்கடை ரேடியோவில் அந்த வழியைப் பிடிப்பது எளிதல்ல. பேஸின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. கையகல ஸ்பீக்கரால் அந்த ஒலியைக் கொடுக்கவே முடியாது. அதன் மடங்குகளாக வரும் மேல் ஒலிகளைக் கேட்டு, அடி ஒலியை மூளையே கற்பனை செய்து நிரப்பிக்கொள்ளும். நாங்கள் பாதி கேட்டும் பாதி ஊகித்தும் கற்றோம். இன்று ஒரு பையன் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுரத்தையும் பிரித்துக் கேட்கிறான். எனக்கு அதில் பெருமகிழ்ச்சி.

வாத்தியம் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். கடற்கரை ஊர். உப்புக் காற்றில் ஸ்ட்ரிங் ஒரு மாதத்தில் கறுக்கும், இரண்டு மாதத்தில் துரு பிடிக்கும். புதுசு வாங்கக் காசில்லை. கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்து மாட்டுவோம். அழுக்கும் எண்ணெயும் போய்ச் சில கச்சேரிக்கு ஒலி தெளியும். பிரிட்ஜ் உடைந்தால் லேத்துப் பட்டறையில் பித்தளையில் கடைந்து தருவார்கள். குமிழ் தொலைந்தால் சண்டே மார்க்கெட்டில் பொறுக்கிய பழைய ரேடியோக் குமிழ். பிக்கப் செத்துப்போனால் மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் ஓட வேண்டும். பிக்கப் என்பது காந்தத் துண்டுகளைச் சுற்றி, தலைமுடிப் பருமனுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பியை ஒன்பதாயிரம், பத்தாயிரம் சுற்று சுற்றிய காயில். பம்ப்செட்டின் தடிமனான கம்பி சுற்றிப் பழகிய கை, பொறுமையோடு அதையும் சுற்றிக் கொடுத்தது. பெயின்ட் உரிந்தால் டிங்கரிங் ஷெட். அம்பாசடர் காருக்குக் கலக்கிய டூகோவில் மிச்சம் இருந்தால் கிட்டாருக்கும் இரண்டு கோட். ஆம்ப் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பாடகரின் மைக் செருகிய அதே அஹுஜா ஆம்ப்ளிஃபயரில் பேஸையும் செருகிக்கொள்வோம்.

இப்படி ஆளுக்கு ஆள் கைமாறி, கைக்குக் கை ஒட்டுப்போட்டு, எந்த நாட்டில் எந்த வருடம் செய்தது என்றே தெரியாமல் போன பேஸ் கிட்டார்கள் இந்த ஊரில் பல உண்டு. அந்த ஒட்டுகளைப் பார்த்து அன்று வெட்கப்பட்டோம். மேடையில் கொடி, தோரணம் இருக்கும் பக்கமாக நின்றுகொள்வோம்.

இன்று நிலைமை வேறு. 1991க்குப் பிறகு இறக்குமதிக் கதவு மெல்லத் திறந்தது. 2001இல் அளவுக் கட்டுப்பாடுகள் போயின. 2019இல் சென்னைக்கு அருகே யமஹாவின் தொழிற்சாலையே உற்பத்தி தொடங்கியது; கீபோர்டும் கிட்டாரும் இங்கேயே செய்கிறார்கள். போனில் அழுத்தினால் இந்தோனேசியாவிலோ சீனாவிலோ செய்த பேஸ் நான்கு நாளில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. விலைக்கு அது நல்ல வாத்தியம். எங்களுக்குப் பதினெட்டு வயதில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் தூங்கியிருக்க மாட்டோம்.

அதே சமயம் இன்னொன்றும் நடந்திருக்கிறது. லியோ ஃபெண்டர் 1951இல் கலிபோர்னியாவில் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. 1965இல் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு விற்றார்கள். அதற்கு முந்தைய வாத்தியங்களுக்கு இன்று சேகரிப்பாளர்களிடையே பெருவிலை. அதே ஃபெண்டர் கம்பெனி 1995இல் ‘ரெலிக்’ என்று ஒரு வரிசையைத் தொடங்கியது. புத்தம் புதுக் கிட்டாரைத் தொழிற்சாலையிலேயே தேய்த்து, பெயின்டை உரித்து, இரும்பைத் துருவேற்றி விற்பது. இந்தியாவில் அதன் விலை லட்சங்களில். வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பழசின் அழகு அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. ஆனால் தேய்த்து உண்டாக்கிய தேய்மானம் கண்ணுக்குத்தான் பழசு. வாசித்து வாசித்துத் தேய்ந்த நெக்கை விரல் தொட்டவுடன் அடையாளம் காணும். அதன் ஓரங்கள் உருண்டு, பின்புறம் வழுவழுவென்று, கட்டைவிரலுக்கு இடம் வைத்திருக்கும்.

நான் வாங்கிய பேஸும் அப்படித் தேய்ந்த ஒன்றுதான். சில வருடங்களுக்கு முன் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுப் பரணில் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர்; காலமாகிவிட்டார். “அப்பா வாசிச்சதுண்ணே, எடைக்குப் போட மனசு வரல. நீங்க வாசிப்பீங்கன்னா எடுத்துக்கோங்க” என்றார் மகள். உடம்பு ஜாஸ் பேஸ் வடிவம். 1970களின் ஜப்பானிய நகலாக இருக்கும் என்பது என் கணிப்பு. தலையில் பெயர் சுரண்டப்பட்டிருந்தது. உடம்பு முழுக்க வெள்ளை டூகோ. அது விரிசல் விட்ட இடங்களில் அடியில் பழைய சன்பர்ஸ்ட் தெரிந்தது. பின்பக்கம் பெல்ட் பக்கிள் உராய்ந்து மரம் வரை குழிந்திருந்தது. முன் பிக்கப் ஏதோ ஒரு கம்பெனியுடையது, பின் பிக்கப் கையால் சுற்றியது. மெட்டுகளை, அதாவது பிரட்டுகளை, எல்லாம் பிடுங்கி, அந்தக் காடிகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருந்தார்கள்.

இந்தக் கடைசிக் காரியம்தான் என்னை விழவைத்தது. பிரட் இல்லாத பேஸில் விரல் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகலாம். கமகத்தில் ஊறிய நம் காதுக்கு அது வெகு இயல்பு. உலகத்துக்கு அந்த ஒலியைக் காட்டியவர் அமெரிக்கரான ஜாகோ பாஸ்டோரியஸ். தன் 1962 ஜாஸ் பேஸின் பிரட்டுகளை எடுத்துவிட்டு, காடியை மரத்துக்கான புட்டி கொண்டு அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசி வாசித்தார். அந்த பேஸ் 1986இல் நியூயார்க்கில் களவுபோய், வெகுகாலம் கழித்துக் கிடைத்து, மெட்டாலிக்கா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ உதவியால் குடும்பத்தோடு மீண்டும் சேர்ந்தது. ஜாகோவின் ரெக்கார்டை முத்தியால்பேட்டைப் பெரியவர் கேட்டிருந்தாரா, பிரட் தேய்ந்துபோய் வேறு வழியில்லாமல் பிடுங்கினாரா, மகளுக்கும் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

விரல் ஓடும் பலகை ஈட்டி மரம் என்றே நினைக்கிறேன்; தோதகத்தி என்றும் சொல்வோம். அறுபதுகளின் நடுவில் ஃபெண்டர் பிரேசில் மரத்தை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்ற கம்பெனிகளும் அந்த மரத்தை நிறைய வாங்கின. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் கப்பலேறி வெளிநாடு போய், கிட்டாராகித் திரும்பி வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1994இல் ஈட்டி மரங்களைக் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2017இல் இந்த மரத்தின் பேரினம் முழுவதும் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. 2019இல்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. பழைய நெக் ஒன்றைக் காப்பாற்றினால் ஒரு மரத்தின் துண்டையும் காப்பாற்றியதாகிறது.

இப்படி ஒன்றை வாங்க நினைப்பவருக்கு என் யோசனை. பெயின்டைப் பார்க்காதீர்கள். நெக்கைத் தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். லேசான வளைவு இருந்தால் பரவாயில்லை, உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி நிமிர்த்தலாம்; முறுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். திருகும் இடத்தில் மரை தேய்ந்திருக்கிறதா என்று திருகியே பாருங்கள். உள்ளே பொட்டென்ஷியோமீட்டரில் எண் இருந்தால் படித்துப் பாருங்கள்: 137 என்று தொடங்கினால் அது அமெரிக்காவின் சிடிஎஸ் செய்தது; அடுத்த எண்களில் வருடமும் வாரமும் இருக்கும். கரகரச் சத்தத்துக்கு அஞ்ச வேண்டாம். பொட்டென்ஷியோமீட்டரைச் சுத்தம் செய்தாலோ, வயரும் சால்டரிங்கும் மாற்றினாலோ பெரும்பாலும் போய்விடும். பெயின்ட் மாற்றிய, பாகம் மாற்றிய வாத்தியம் என்றால் சேகரிப்பாளர் விலையில் பாதிகூடத் தரமாட்டார். வாசிக்கிறவருக்கு அதுதான் அதிர்ஷ்டம். ஒலி குறையாமல் விலை மட்டும் குறைந்திருக்கிறது. ஏற்கெனவே மாற்றியதாகையால், உங்கள் கைக்குத் தோதாக இன்னும் மாற்றவும் தயங்க வேண்டாம்.

என் பேஸில் பின் பிக்கப்பை நான் மாற்றவில்லை. கடைப் பிக்கப்பைவிட ஒலி கொஞ்சம் மந்தம். ஆனால் மெதுவான பாட்டுக்கு அதில் வரும் குழைவு வேறு எதிலும் வரவில்லை. வயரை மட்டும் புதுப்பித்து, உள்பள்ளத்தில் செம்புத் தகடு ஒட்டி இரைச்சலை அடக்கினேன். டூகோவையும் அப்படியே விட்டேன். மாலையில் வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்கிறேன். கடல் காற்று மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

வருத்தமும் உண்டு. கல்யாணக் கச்சேரியில் பேஸ்காரரின் நாற்காலி போய்விட்டது. முதலில் கீபோர்டின் இடது கை அந்த வேலையை எடுத்துக்கொண்டது, பிறகு கரோக்கி டிராக் அதையும் விழுங்கியது. காயில் சுற்றித் தந்த கைகளும் இப்போது அரிது. ஆனாலும் பேஸ் சாகவில்லை. ரகுமானின் பாட்டுகள் பலவற்றில் சென்னையின் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் சர்ச் கொயரிலும் கல்லூரி பேண்டுகளிலும் வாசிக்கிறார்கள். 1982இல் பிரான்சில் தொடங்கிய ஃபெத் த லா மியூசிக் என்ற இசை விழா, ஜூன் மாதத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் வழியாக இங்கேயும் நடக்கிறது. இந்த ஊர் இளைஞர்களுக்கு அது ஒரு நல்ல மேடை.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸும் இடையில் பெயின்ட் மாற்றி, பிக்கப் பொருத்தம் மாற்றிய வாத்தியம்தான். 1972இல் லண்டனில் களவுபோனது. இங்கிலாந்தின் சசெக்ஸில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த அது திரும்பக் கிடைத்த செய்தி 2024இல் வெளிவந்தது. நம் ஊர்ப் பரண்களில் அவ்வளவு புகழ்பெற்றது எதுவும் இருக்காது. ஆனால் கோயில் திருவிழாவிலும் மாதா தேர் அன்றும் விடியும்வரை உழைத்த வாத்தியங்கள் இருக்கும். உங்கள் வீட்டில் அப்பாவோ மாமாவோ வாசித்த பேஸ் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கீழே இறக்குங்கள், ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி வையுங்கள், துடையுங்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். தெருவில் கற்றுக்கொள்ளும் பிள்ளை ஒன்று இருந்தால் கூப்பிட்டுக் கொடுங்கள்.