தம் வழக்கிலேயே சாட்சியாய் நிற்பவர்கள்

குற்றவியல் வழக்கு ஒன்று நீதிமன்றத்துக்கு வரும்போது அது அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையிலான வழக்காகவே எண்ணிடப்படுகிறது. வெட்டுப்பட்டவரோ, பொருளைப் பறிகொடுத்தவரோ, பிள்ளையை இழந்தவரோ அதில் அரசுத் தரப்புச் சாட்சிகளுள் ஒருவராக மட்டுமே இடம்பெறுகிறார். குற்றம் தனிமனிதருக்கு மட்டுமன்றிச் சமூகம் முழுமைக்கும் இழைக்கப்படும் தீங்கு என்ற கொள்கையிலிருந்து பிறந்த இந்த ஏற்பாடு, பழிக்குப் பழி என்ற வழக்கத்தை ஒழித்த வகையில் பெரிய முன்னேற்றமே என்றாலும், துன்பத்தை அனுபவித்தவரை அது தம் வழக்கிலேயே அயலாராக்கியது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது, எதிரி பிணையில் வெளிவந்துவிட்டாரா, தீர்ப்பு என்ன ஆனது என்பனவற்றைக்கூட ஊரார் சொல்லித்தான் அவர் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

குற்றத்துக்கும் அதிகாரத் துர்ப்பிரயோகத்துக்கும் இலக்கானவர்களுக்கான நீதி குறித்த அடிப்படைக் கோட்பாடுகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985 நவம்பரில் பிரகடனமாக ஏற்றபின், பாதிக்கப்பட்டவர்களின் நிலையை ஆராயும் துறை உலகெங்கும் வலுப்பெற்றது. இந்தியாவில் அத்துறைக்கு வித்திட்டவர்களுள் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் பேராசிரியர் கே. சொக்கலிங்கம் முக்கியமானவர் என்பதும், அதற்கான இந்தியக் கழகம் 1992இல் உருவானதில் அவருக்கும் அப்பல்கலைக்கழகத்துக்கும் பெரும் பங்குண்டு என்பதும் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ளத்தக்கவை. ஆயினும், ‘பாதிக்கப்பட்டவர்’ யார் என்பதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் விளக்கம் சேர்ந்து நடைமுறைக்கு வந்தது 2009ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான். அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிறரின் குற்றச்செயலால் இழப்போ காயமோ அடைந்தவரை மட்டுமன்றி, அவருடைய பாதுகாவலரையும் சட்டபூர்வ வாரிசையும் அந்த விளக்கத்துக்குள் கொண்டுவருகிறது.

உரிமைகளின் முதல் வாசல் காவல்நிலையம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நிகழ்ந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்வது காவல்துறையின் விருப்பமன்று, கடமை என்று லலிதா குமாரி வழக்கில் 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சம்பவம் வேறு நிலைய எல்லைக்குள் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் இயலாது. எந்த நிலையத்திலும் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்றும் முறை இப்போது சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் மக்கள் பெரிதும் ஏமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. புகார் கொடுத்தவுடன் கையில் தரப்படும் சி.எஸ்.ஆர். என்னும் மனு ஏற்புச் சீட்டையே வழக்குப் பதிவு என்று எண்ணிப் பலர் மாதக்கணக்கில் காத்திருக்கின்றனர். அது மனு வந்ததற்கான சான்று மட்டுமே, முதல் தகவல் அறிக்கை ஆகாது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் பூர்வாங்க விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம்தருகிறது என்றாலும், அது 14 நாட்களுக்குள் முடிய வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அங்கும் பலன் இல்லையெனில் குற்றவியல் நடுவரை அணுகலாம். பதிவான அறிக்கையின் நகல் கட்டணமின்றித் தரப்பட வேண்டும் என்பதும், புலன்விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்கோ தகவல் தந்தவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் தெளிவான ஆணைகள்.

அமில வீச்சு, பாலியல் வன்கொடுமை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் ஆகியவற்றுக்கு உள்ளானவர்களுக்கு அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் உடனடியாக இலவச சிகிச்சை அளிக்க வேண்டும். மறுப்பது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணின் மருத்துவப் பரிசோதனை அவருடைய சம்மதத்துடன்தான் நடைபெற வேண்டும் என்பதோடு, ‘இருவிரல் சோதனை’ எனப்பட்ட இழிவான முறையைக் கையாள்வது நடத்தைக் கேடு என 2022இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

இவ்வுரிமைகளுள் மிகுந்த பயனுடையதும், மிகக் குறைவாக அறியப்பட்டதும் அரசு வழங்கும் இழப்பீடுதான். குற்றவாளியிடமிருந்து வசூலிக்கும் அபராதத்திலிருந்து ஒரு பங்கை அளிக்கும் பழைய ஏற்பாடு, குற்றவாளி பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டு, அவரிடம் பணமும் இருந்தால் மட்டுமே பயன்தந்தது. 2009இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தக் கட்டை உடைத்து, ஒவ்வொரு மாநில அரசும் இழப்பீட்டுத் திட்டம் வகுத்து நிதி ஒதுக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு தன் திட்டத்தை 2013இல் அறிவித்தது. எதிரி விடுதலையானாலும் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். எதிரி யாரென்றே தெரியாமல் விசாரணை தொடங்காத நிலையிலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்து வாழ்வோரோ நேரடியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் செல்ல வேண்டிய இடம், மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. அது இரண்டு மாதங்களுக்குள் விசாரணையை முடித்துத் தொகையை நிர்ணயிக்க வேண்டும், அவசர நிலையில் இடைக்கால நிவாரணமும் அளிக்கலாம். பெண்களுக்கென்று தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018இல் வகுத்த திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாயும், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாயும் வழங்கப்படலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளுக்கு, 2016இல் திருத்தப்பட்ட விதிகள் குற்றத்தின் தன்மைக்கேற்ப 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை நிவாரணம் வகுத்தன. அதில் ஒரு பகுதி முதல் தகவல் அறிக்கை நிலையிலும், மற்றொன்று குற்றப்பத்திரிகை நிலையிலும் என வழக்கு முடியும்வரை காத்திராமலே தரப்படுகிறது. சட்டத்தில் இடமிருந்தும், இழப்பீடு பற்றி நீதிமன்றங்களே சிந்திக்கத் தவறிவருவதை 2013இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, ஒவ்வொரு வழக்கிலும் அதைப் பரிசீலித்தாக வேண்டும் என்று வலியுறுத்த நேர்ந்தது.

நீதிமன்றத்துக்குள்ளும் பாதிக்கப்பட்டவரின் குரலுக்கு இன்று இடம் விரிந்திருக்கிறது. அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தாம் விரும்பும் வழக்கறிஞரை நீதிமன்ற அனுமதியுடன் அமர்த்திக்கொள்ளலாம். விடுதலை, குறைந்த குற்றத்துக்கான தண்டனை, போதாத இழப்பீடு ஆகியவற்றை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அரசு வழக்கைத் திரும்பப் பெற முற்பட்டால் பாதிக்கப்பட்டவரைக் கேட்டபிறகே நீதிமன்றம் அனுமதிக்க முடியும். விவசாயிகள் மீது வாகனம் மோதிய லக்கிம்பூர் கேரி வழக்கில் வழங்கப்பட்ட பிணையை 2022இல் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பிணை விசாரணை உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குத் தம் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு என்று கூறியது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சாட்சி சொல்ல அஞ்சுவோர், 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கோரலாம்.

குறை எங்கே என்றால், இவை பெரும்பாலும் கேட்டால் மட்டும் கிடைக்கும் உரிமைகளாக இருக்கின்றன. குற்றத்துக்கு இலக்கான வேளையில் கேட்பதற்குரிய மனநிலையில் எவரும் இருப்பதில்லை. தங்குமிடம், மனநல ஆலோசனை, சட்ட உதவி ஆகியவற்றை ஓரிடத்தில் தரும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015 முதல் தொடங்கப்பட்டன என்றாலும், அவை பெண்களுக்கானவை. வழிப்பறியில் கையொடிந்த முதியவருக்கோ, மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த தகப்பனாருக்கோ அத்தகைய துணை அமைப்பு எதுவும் இல்லை என்பது பெரும் வெற்றிடம். பாலியல் குற்றத்துக்கு உள்ளான குழந்தைகள் விஷயத்தில் மட்டும் சட்டம் ஒரு படி முன்னே சென்றிருக்கிறது. வழக்கு முடியும்வரை உடனிருந்து வழிகாட்ட ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கிறது. குழந்தைக்குரிய உரிமைகளையும் சேவைகளையும் பட்டியலிட்ட படிவத்தைக் குடும்பத்துக்கு அளிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் கூறுகின்றன. அந்தப் படிவத்தை எல்லாக் குற்றங்களுக்கும் விரிவாக்கி, முதல் தகவல் அறிக்கையின் நகலோடு இழப்பீட்டு விண்ணப்பத்தையும் சேர்த்தே தர வேண்டும் என்று ஓர் அரசாணை பிறப்பிப்பது தமிழ்நாடு அரசுக்குக் கடினமான செயலன்று. அதுவரை, சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்களை, அடுத்த வீட்டில் துன்பம் நேர்ந்திருப்பதை அறியும் ஒவ்வொருவரும் அவ்வீட்டாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.