சித்தாள் கையில் கரணை

புதுக்கோட்டை மாவட்டத்தின் இலுப்பூரிலோ அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ வீடு எழும்பும் எந்த இடத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். மணல் சலிப்பது, செங்கல் சுமப்பது, கலவை எடுத்துக் கொடுப்பது, பூச்சுக்கு முன் சுவரைக் கொத்திவிடுவது, காலையும் மாலையும் தண்ணீர் அடித்து நீராற்றுவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் நடக்கிறது. ஆகவே, கட்டுமானத் தொழிலுக்குப் பெண்கள் வரவேண்டும் என்ற வழக்கமான அறைகூவல் இங்கே பொருந்தாது. அவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள். வந்த இடத்திலேயே நிற்க வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். கையாளாக வரும் பையன் இரண்டு மூன்று ஆண்டுகளில் கரணை பிடிக்கிறான், பிறகு கொத்தனாராகிறான், கொஞ்சம் துணிச்சல் இருந்தால் மேஸ்திரியாகி நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறான். அதே நாளில் அதே இடத்தில் சேர்ந்த பெண் இருபது ஆண்டு கழித்தும் சித்தாள். கட்டு வேலைக்கு எந்தப் பதம், மேல்பூச்சுக்கு எந்தப் பதம் என்று கலவையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தூக்குக்குண்டு சுவரை விட்டு விலகினால் கொத்தனாருக்கு முன்னால் அவள் கண்ணில் படும். அந்தக் குண்டைப் பிடிக்கும் உரிமை மட்டும் அவளுக்கு இல்லை.

கூலி வேறுபாட்டின் வேர் இதில்தான் இருக்கிறது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் கட்டாயமாக்கியது. அதை உள்ளடக்கிய 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கலவை போடும் மம்பட்டி ஆளுக்கு ஒரு கூலி, அவரோடு நாள் முழுவதும் அதே அளவு உதவி வேலை செய்யும் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்றால் அது நேரடியான சட்டமீறல். ஆனால் கொத்தனார் கூலியோடு சித்தாள் கூலியை ஒப்பிட்டால் சட்டம் கைகொடுக்காது, ஏனென்றால் வேலையே வேறு. பெண்ணைக் கீழ்ப்படியிலேயே வைத்துவிட்டால் சம ஊதியச் சட்டத்தை மீறாமலே குறைந்த கூலி கொடுக்கலாம். பழைய சட்டம் இந்த ஓட்டையை ஓரளவு கண்டிருந்தது. 1987 திருத்தத்துக்குப் பின் பதவி உயர்விலும் பயிற்சியிலும் பாகுபாடு கூடாது என்று அது வெளிப்படையாகவே சொன்னது. புதிய தொகுப்பில் அந்தச் சொற்கள் இல்லை, வேலை நிபந்தனைகளில் பாகுபாடு கூடாது என்ற பொதுவான தொடர்தான் இருக்கிறது. அதற்குள் பயிற்சியும் அடங்கும் என்று வாதாட இடமுண்டு. ஆனால் வாதாடித்தான் பெற வேண்டும் என்கிற நிலைக்கு வந்திருக்கிறோம்.

வீட்டுக் கட்டுமானத்துக்கென்றே இன்னொரு பள்ளமும் உண்டு. கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்புக்கான விதிகள் பெரிய வேலையிடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களை விட்டுவிட்டது. சொந்தக் குடியிருப்புக்கு 10 லட்சம் ரூபாய்க்குள் கட்டப்படும் வீட்டையும் விட்டுவிட்டது. இப்போதைய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த வரம்பு 50 லட்சம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் 50 லட்சத்தைத் தாண்டும் வீடுகள் எத்தனை இருக்கும் என்று வாசகரே எண்ணிப் பார்க்கலாம். குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றால் 50 பேருக்கு மேல் வேலை செய்ய வேண்டும். எட்டுப் பேர் வேலை செய்யும் வீட்டில் குழந்தை மணல் குவியலில்தான் தூங்கும். கழிப்பறை கட்டும் இடத்திலேயே கழிப்பறை இல்லாமல், தண்ணீர் குடிக்காமல் பொழுதை ஓட்டிச் சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொள்வதும், ஈர சிமென்ட் பட்டுக் கைகால் வெந்துபோவதும், ஆண்டுக்கணக்கில் தலைச்சுமை தூக்கிக் கழுத்தும் இடுப்பும் அடிவயிறும் நோவதும் இந்தச் சின்ன வேலையிடங்களில் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதற்கெல்லாம் மேலாக, சித்தாள் என்ற வேலையே சுருங்கி வருகிறது. கலவை இயந்திரம் வந்தது, ஜல்லியும் சாந்தும் மேலே ஏற்றும் லிஃப்ட் வந்தது, நகரை ஒட்டிய இடங்களில் ஆயத்தக் கலவை லாரியில் வந்து குழாய் வழியே தளத்தில் விழுகிறது. முன்பு தளம் போடும் நாளில் வரிசையாக நின்று சட்டி கைமாற்றிய பெண்களில் பலருக்கு இன்று அந்த நாளில் அழைப்பே இல்லை. இயந்திரம் முதலில் தின்பது தலைச்சுமையைத்தான், கரணையை அல்ல. எனவே கைத்தொழிலுக்கு ஏறும் வழியைத் திறப்பது பெண்களுக்கு முன்னேற்றம் என்பதைவிட, இருக்கிற பிழைப்பைக் காப்பாற்றும் வழி என்றே நான் கருதுகிறேன்.

திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையின் கல்குவாரிகள் பல மகளிர் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அதுவரை அந்தப் பெண்கள் ஒப்பந்ததாரர்களிடம் கல்லுடைத்தவர்கள். கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். கல்லும் சம்மட்டியும் பழையவைதான், குத்தகைச் சீட்டு மட்டும் கைமாறியது. வருமானம் கூடியது, கணக்குப் பார்க்கவும் லாரிக்காரரிடம் விலை பேசவும் பெண்களே முன்வந்தார்கள். அதே காலத்தில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கமும், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதும் இதற்குத் தோள் கொடுத்தன. சைக்கிளைப் பற்றி உலகமே எழுதியது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது குவாரிதான், ஏனென்றால் அங்கே மாறியது உடைமை. ஆனால் ஆதாயம் இழந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. நிர்வாகத்தின் கவனம் விலகியபோது அந்த ஏற்பாடும் தேய்ந்தது. ஒரு நல்ல ஆட்சியரின் விருப்பமாக மட்டும் இருந்தது விதியாக மாறாததே அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு.

இனி எதிர்வாதங்கள். கொத்து வேலைக்கு உடல் வலு வேண்டும் என்பது முதலாவது. ஒரு செங்கல் ஏறக்குறைய மூன்று கிலோ. எட்டுக் கல்லைத் தலையில் ஏற்றி ஏணிப்படியில் கால் வைப்பவள் 24 கிலோ சுமக்கிறாள். மேலே நிற்பவர் அதை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். வலுவைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை. சாரத்தில் ஏறுவது பெண்களுக்கு ஆபத்து என்பது இரண்டாவது. ஆடும் சாரம் ஆணையும் தள்ளிவிடும். சாரத்தைச் சரியாகக் கட்டுவதுதான் அதற்குத் தீர்வு. வீட்டுக்காரர்கள் பெண் கொத்தனாரை ஏற்கமாட்டார்கள் என்பது மூன்றாவது, இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தின் கழிப்பறைகளைக் கட்ட ஆயிரக்கணக்கான பெண்கள் பயிற்சி பெற்று ‘ராணி மிஸ்திரி’ என்று பெயர் வாங்கினார்கள். கேரளத்தில் ஏற்றுமானூரின் அர்ச்சனா மகளிர் மையம் பெண்களுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறது. கேரள அரசின் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் முழு வீடுகளையே கட்டி ஒப்படைத்திருக்கின்றன. மட்டம் சரியாக இருந்தால் யார் வைத்த சுவர் என்று யாரும் கேட்பதில்லை.

பெண்களே விரும்பவில்லையே என்பதுதான் உண்மையில் கனமான எதிர்வாதம். கொத்தனார் என்றால் வேலை முடியும்வரை இருக்க வேண்டும், தப்பு நேர்ந்தால் ஏச்சும் கூலிப்பிடித்தமும் அவர் தலையில் விழும். வீட்டில் உலை வைக்கக் காத்திருக்கும் பெண் ஐந்தரைக்குக் கிளம்பும் சித்தாள் வேலையே போதும் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதை மறுத்துவிட்டுத் திட்டம் தீட்டினால் அது தாளோடு நிற்கும். ஆனால் அந்தத் தயக்கம் எந்தச் சூழலில் எழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழகும் காலத்தில் முழுக்கூலி போய்விடும் என்றால் எந்த ஏழையும் பழகமாட்டார். பையனுக்குத் தவறிழைத்துக் கற்க இடம் கொடுக்கும் மேஸ்திரி, பெண்ணுக்கு அதைக் கொடுப்பதில்லை. எனவே கூலியோடு கூடிய பயிற்சி என்பதே முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

அதற்கான வாய்ப்பு அரசு வீடுகளில் இருக்கிறது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில், ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே கற்கும் 45 நாள் கொத்தனார் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் இடமுண்டு. தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்ற கணக்கில் 2024-இல் தொடங்கியது. சிறிய, ஒரே மாதிரியான, ஒரே தளம் கொண்ட வீடுகள் கற்பதற்கு மிகவும் ஏற்றவை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் இவற்றில் ஒரு பங்கைப் பயிற்சி பெற்ற பெண் குழுக்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம். ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்றான பிறகும் ஊராட்சி வேலைகளின் ஒப்பந்தம் ஆண்களிடமே போவது விந்தைதான். மேல்தட்டிலும் இதே கதை சற்று நாகரிகமாக நடக்கிறது. 1940களிலேயே கிண்டி பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் முடித்த பி.கே.திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இன்றோ கட்டடப் பொறியியல் படித்துவிட்டு வரும் பெண்ணை வரைபட மேசையில் உட்கார வைத்து, களத்துக்குத் தம்பியை அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. களம் பார்க்காதவர் ஒப்பந்தம் எடுக்க முடியாது.

கையில் உள்ள தீர்வுகளைச் சொல்கிறேன். முதலாவது, தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவு. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 1994-இல் அமைந்த வாரியம் இது. 18 முதல் 60 வயதுவரை உள்ளவர்கள் பதியலாம். மகப்பேறு, பிள்ளைகளின் கல்வி, விபத்து, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் இந்த அட்டையை நம்பியிருக்கின்றன. புதுப்பிக்க மறந்தால் எல்லாம் நின்றுவிடும். கணவர் பெயரில் அட்டை இருக்கிறதே என்று விட்டுவிடுவது பெரிய நட்டம், தொழில் செய்பவர் யாரோ அவர் பெயரில்தான் பதிய வேண்டும். இரண்டாவது, கூலி பாக்கி. ஊதியத் தொகுப்பின்படி மூன்று ஆண்டுகளுக்குள் கோரலாம். வேலை செய்த நாளும் வாங்கிய தொகையும் எழுதிய ஒரு நோட்டு, கைப்பேசியில் பணம் வந்த குறுஞ்செய்தி, வேலையிடத்தில் எடுத்த படம் இவையே சாட்சியாகும். தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம். வழக்குக்குப் போனால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும், தொலைபேசி 15100. மூன்றாவது, சீண்டல். பத்துப் பேருக்குக் குறைந்த வேலையிடத்தில் உள் புகார்க் குழு இல்லை என்று வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். மேஸ்திரி மீதே புகார் என்றாலும் இங்குதான். உடனடி உதவிக்கு மகளிர் உதவி எண் 181.

கடைசியாக, வீடு கட்டுபவர்களுக்கு ஒரு சொல். இந்த மாவட்டத்தில் கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, இங்கே வானம் தோண்டுவதிலிருந்து புதுமனை புகுவிழாவரை மனைவியே நின்று கட்டும் வீடுகள் ஏராளம். கம்பி விலை, சிமென்ட் மூட்டைக் கணக்கு, சனிக்கிழமைச் சம்பளம் எல்லாம் அவர் கையில். சதுர அடிக் கூலி பேசும்போதே சித்தாள் கூலி தனியாக எவ்வளவு என்று எழுதி வாங்கலாம். சனிக்கிழமை அதை மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுக்காமல் அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கலாம். மதில் சுவரையோ குளியலறைப் பூச்சையோ, இத்தனை நாளாகச் சட்டி ஏந்தியவரிடம், கொத்தனார் கூலிக்கே, ஒரு முறை ஒப்படைக்கச் சொல்லலாம்.