ஏற்ற வேளையில் சந்திக்கிற தேவன்



"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். ஆனால் கேட்டது கேட்ட நாளில் வராதபோது, அந்த வார்த்தையைச் சொல்ல நம் நாவு தயங்குகிறது. தேவனுடைய வேளைக்குக் காத்திருப்பது என்றால் என்ன?

1. தேவன் அன்றன்றைக்குத் தருகிறார்

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா தினந்தோறும் கிடைத்தது. அடுத்த நாளுக்கென்று எடுத்துவைத்தவர்களுடைய மன்னா பூச்சிபிடித்து நாறிப்போயிற்று, ஓய்வுநாளுக்கு முந்தின தினத்துக்கு மாத்திரம் விலக்கு இருந்தது (யாத். 16). சாறிபாத் விதவையின் பானையும் நிரம்பி வழியவில்லை, அதிலிருந்த மாவு தீர்ந்துபோகவுமில்லை (1 இரா. 17). நாம் களஞ்சியத்தைக் கேட்கிறோம். தேவனோ இன்றைய ஆகாரத்தைத் தந்து, நாளைக்கும் தம்மையே நோக்கச் செய்கிறார்.

2. காத்திருத்தல் சும்மா இருத்தல் அல்ல

1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிமாருக்காக உதவி தேடி வந்தார்கள். ஆண் மருத்துவர் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. மிஷனெரியின் மகளான ஐடா ஸ்கடருக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்துபோனார்கள். அந்த இரவு ஐடாவை மருத்துவப் படிப்புக்கு அனுப்பியது.

1899-ல் அவர் பட்டம் பெற்றார். ஷெல் என்ற வங்கியாளர் தம் மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்ட 10,000 டாலர் கொடுத்தார். எல்லாம் கூடிவந்ததாகத் தோன்றியது. ஆனால் அவர் இந்தியா திரும்பிய 1900-ஆம் ஆண்டிலேயே, யாரிடம் தொழில் பழகலாம் என்றிருந்தாரோ அந்தத் தகப்பனார் மரித்தார். மருத்துவமனைக் கட்டிடமும் இன்னும் எழும்பவில்லை. ஐடா அம்மையார் கட்டிடத்துக்காகக் காத்திருக்கவில்லை. வேலூரில் தாம் குடியிருந்த பங்களாவிலேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1930-களின் பிற்பகுதியில் வேறொரு நெருக்கடி வந்தது. பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்த்தாவிட்டால் பள்ளியை நடத்த முடியாத நிலை. பேராசிரியர்கள், படுக்கைகள், பணம் எதுவும் போதாது. 1941-ல், எழுபது வயதில், உலகப்போரின் நடுவே, அவர் நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். பதில் வந்தது, ஆனால் அவர் முதலில் நினைத்திருந்த விதமாய் அல்ல. பல மிஷன்கள் ஒன்றாய்க் கைகோத்தன. 1942-ல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். பல்கலைக்கழகத்தின் நிரந்தர அங்கீகாரம் 1950-ல்தான் கிடைத்தது.

3. தேவன் மனிதர் கைகளால் தருகிறார்

தேவன் நம் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்ற வாக்குத்தத்தம் (பிலி. 4:19) பவுல் சிறையிலிருந்து எழுதிய நன்றிக் கடிதத்தில் இருக்கிறது. காணிக்கை அனுப்பிய சபைக்கு அவர் அதை எழுதினார். அந்தக் காணிக்கை தாமதமாகவே வந்தது; அவர்களுக்குச் சமயம் வாய்க்கவில்லை என்று பவுல் அன்போடு எழுதுகிறார். அதைச் சுமந்துவந்த எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டார். அவருடைய பாடுகளின் வழியாகவே பவுலின் குறைவு நிறைவாயிற்று.

அன்பானவர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். திண்டிவனத்தின் அந்த மூன்று தாய்மாருக்கு எந்த மருத்துவமனையும் சமயத்துக்கு வந்து சேரவில்லை. அவர்களுடைய மரணத்தை நாம் விளக்கிவிட முடியாது. ஆகையால் நம்முடைய தேவைகளுக்காகப் பொறுமையோடு காத்திருப்போம், ஆனால் வேதனைப்படுகிற அயலானைப் பார்த்து, "கர்த்தருடைய வேளைக்குக் காத்திரு" என்று சொல்லி வெறுங்கையாய் அனுப்பாதிருப்போம் (யாக். 2:15, 16). நம் கையில் உதவி இருக்குமானால், அவருக்கு ஏற்ற வேளை இன்றுதான்.

உங்கள் சிறிய காணிக்கையும் ஜெபமும் யாரோ ஒரு தாயின் ஜெபத்துக்குத் தேவன் அளிக்கும் பதிலாக இருக்கலாம். கர்த்தர் உங்களையும் ஏற்ற வேளையில் சந்திப்பாராக.