காலை நீட்டி உயரம் ஆகலாமா?

ஆம்பூரில் ஆளை உயரமாக்குவது சுலபம். செருப்பின் குதிகாலில் ஒரு அங்குலம் சேர்த்தால் போதும், ஆளும் ஒரு அங்குலம் உயர்ந்து விடுவார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் தைக்கும் குதிகால் காலணிகள் கப்பல் ஏறி அயல் நாடுகளுக்குப் போகின்றன. அவற்றைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ப் பெண்கள்.

ஆனால் செருப்பைக் கழற்றினால் உயரமும் கழன்று விடுமே! அதனால் சிலர் காலையே நீட்டிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

காலை நீட்டுவதா? ஆம். எலும்பை வெட்டி நீட்டுகிறார்கள்!

ஐதராபாத்தில் நடந்தது

2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஐதராபாத்தில் ஒரு வாலிபரைக் காணோம் என்று பெற்றோர் போலீசில் புகார் செய்தார்கள். தேடிப் பார்த்தால் மகன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். இரண்டு கால்களிலும் ஆபரேஷன் முடிந்து விட்டது. வீட்டில் ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை.

அவர் குள்ளமா? இல்லை. சுமார் 5 அடி 7 அங்குலம்! நம் நாட்டில் அது நல்ல உயரம். இன்னும் 3 அங்குலம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். பெற்றோர் ஆஸ்பத்திரி வாசலில் அழுதார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் மீது மாநில மருத்துவக் கவுன்சில் விசாரணை நடத்தி, அவரை இடைநீக்கம் செய்தது.

3 அங்குலத்துக்கு இவ்வளவா என்று கேட்கலாம். பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் உயரத்தை விசாரிக்காத ஊர் எது? வாலிபரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை.

சைபீரியா டாக்டர்

எலும்பை நீட்டும் முயற்சி புதிதல்ல. 1905-ம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டு டாக்டர் கோடிவில்லா செய்து பார்த்தார். ஆனால் அதைச் சரியான வழிக்குக் கொண்டு வந்தவர் ரஷியாவின் இலிசரோவ். 1921-ல் பிறந்தவர். குளிர் மிகுந்த சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் வேலை பார்த்தார். உலகப் போர் முடிந்த காலம். காலொடிந்த சிப்பாய்களுக்குக் கணக்கே இல்லை.

இலிசரோவ் காலைச் சுற்றி இரும்பு வளையங்களை மாட்டினார். சைக்கிள் கம்பி போன்ற மெல்லிய கம்பிகளை எலும்புக்குள் குறுக்கே செலுத்தி, வளையங்களோடு இழுத்துக் கட்டினார். ஒடிந்த எலும்பு அசையாமல் நின்று கூடியது.

ஒரு நோயாளி திருகாணியை நெருக்குவதற்குப் பதில் தவறாக விலக்கி விட்டாராம். எலும்பின் நடுவே இடைவெளி விழுந்தது. படம் எடுத்துப் பார்த்தால், அந்த இடைவெளியில் புது எலும்பு வளர்ந்திருக்கிறது! அதிலிருந்துதான் இந்த வைத்தியம் பிறந்தது என்று சொல்வார்கள்.

இலிசரோவை வெளி உலகம் வெகு நாள் அறியவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற புருமெல், மறு ஆண்டே, அதாவது 1965-ல், மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை முறித்துக்கொண்டார். பல ஆபரேஷன்கள் பலிக்கவில்லை. கடைசியில் 1968-ல் இலிசரோவிடம் போனார். கால் குணமாகி மீண்டும் தாண்டினார். டாக்டரின் புகழும் தாண்டிப் பரவியது.

ஒரு நாளைக்கு ஒரு மில்லி மீட்டர்

எலும்பை வெட்டியதும் இழுக்க மாட்டார்கள். சில நாட்கள் சும்மா விடுவார்கள். அதற்குள் வெட்டிய இடத்தில் மெல்லிய திசு உண்டாகும். பிறகு திருகாணியைத் திருகுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு மில்லி மீட்டர் மட்டுமே! அதையும் நாலு வேளையாகப் பிரித்துக் கால் கால் மில்லி மீட்டராக நகர்த்துவார்கள்.

வேகமாக இழுத்தால் எலும்பு வளராது. மெதுவாக இழுத்தால் முன்கூட்டியே கூடி விடும். பிறகு திருகாணி நகராது.

3 அங்குலம் என்றால் 7½ சென்டி மீட்டர். இழுப்பதற்கே 75 நாட்கள் ஆகும். புது எலும்பு முதலில் பஞ்சு போல இருக்கும். அது கெட்டிப்பட, ஒவ்வொரு சென்டி மீட்டருக்கும் ஒரு மாதம் வேண்டும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை ஊன்றுகோல்தான்.

இப்போது எலும்பின் உள்ளேயே வைக்கும் கம்பி வந்திருக்கிறது. வெளியே காந்தத்தைக் காட்டினால் உள்ளே கம்பி நீளும். வளையம் வேண்டாம். ஆனால் கணக்கு அதே கணக்குத்தான்.

எலும்பு நீளும், நரம்பு?

எலும்பு வளர்ந்து கொடுக்கும். தசையும் நரம்பும் அவ்வளவு எளிதில் கொடுக்காது. முழங்காலுக்குக் கீழே நீட்டும்போது குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தடித்த நாண் இறுகுகிறது. குதிகால் தரையில் படாது. ஆம்பூர் குதிகால் செருப்பு போட்டவர் போல, செருப்பு இல்லாமலே நுனிக்காலில் நிற்க வேண்டி வரும்! நாள் தவறாமல் பயிற்சி செய்தால்தான் தப்பலாம். கம்பி நுழைந்த இடத்தில் சீழ் பிடிப்பதும், பாதம் மரத்துப் போவதும் உண்டு.

அதனால் ஒரு தடவைக்கு முழங்காலுக்குக் கீழே சுமார் 5 சென்டி மீட்டர், தொடையில் சற்று அதிகம் என்று பல டாக்டர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள். அழகுக்காக இந்த ஆபரேஷன் செய்வதைச் சீன அரசு 2006-ல் தடை செய்து விட்டது.

உடம்பின் கணக்கு

அளவு என்று ஒன்று இருக்கிறது. கைகளை இரு பக்கமும் விரித்தால், இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஏறக்குறைய நம் உயரம்தான். வீட்டில் குழந்தைகளை நிறுத்தி அளந்து பாருங்கள். வேடிக்கையாக இருக்கும்.

முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, தொடை எலும்பில் சுமார் ஐந்தில் நாலு பங்கு. தொடை எலும்பு 45 சென்டி மீட்டர் என்றால் கீழ் எலும்பு 36 இருக்கும். கீழே 7½ சேர்த்தால் 43½ ஆகி விடும். இரண்டும் கிட்டத்தட்டச் சமம்! தொடையை நீட்டினால் வேறு சங்கடம். தொங்கும் கை பழைய இடத்துக்கு எட்டாது. கை குட்டையாகத் தெரியும்.

இன்னொன்று. முண்டம் நீளுவதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் அதே பழைய உயரம்தான்! முழங்கால்தான் முன் சீட்டில் இடிக்கும்.

யாருக்குத் தேவை?

இந்த வைத்தியம் வேண்டாத வைத்தியம் அல்ல. போலியோவாலும் விபத்தாலும் பிறவிக் குறையாலும் ஒரு கால் குட்டையானவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

காட்பாடியில் ரயில் இறங்கி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போகும் கூட்டத்தில், ஒரு காலை இழுத்து நடக்கும் பிள்ளைகளையும் பார்க்கலாம். அங்கே குழந்தைகளின் எலும்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 1946-ல் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை ஆபரேஷனால் நிமிர்த்தியவர். அவர் கத்தியோடு நிற்கவில்லை. உணர்ச்சி இல்லாத பாதத்தில் புண் வராமல் காக்க, மெத்தென்ற ரப்பர் செருப்புக்கும் பாடுபட்டார்.

குட்டைக் காலுக்கும் முதல் மருந்து செருப்புத்தான். 2 சென்டி மீட்டருக்குள் வித்தியாசம் என்றால் பொதுவாகக் கத்தி வேண்டாம். ஒரு செருப்பில் மட்டும் அடித்தட்டை உயர்த்தினால் நடை நேராகி விடும்.

வித்தியாசத்தை அளக்கும் முறையும் எளிது. பிள்ளையை நேராக நிற்க வைக்கிறார்கள். குட்டைக் காலின் கீழே ஒவ்வொரு கட்டையாக வைக்கிறார்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் சமமானதும் நிறுத்தி, கட்டைகளின் உயரத்தைக் கூட்டுகிறார்கள். வந்த எண்ணை அம்மாவிடம் சொல்கிறார்கள்.