மிச்சமுள்ள பார்வையைக் காக்கும் மதுரைக் குழாய்

கண்ணுக்குள் நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் நீர் சுரந்தபடியே இருக்கும். கருவிழிக்கும் லென்ஸுக்கும் ஊட்டம் தந்துவிட்டு, கருவிழி ஓரத்துச் சல்லடைத் திசு வழியாக வெளியேறி ரத்தத்தில் கலந்துவிடும். அந்த வழி அடைபட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். கிளாக்கோமா பெரும்பாலும் வருவது இப்படித்தான். வலி தெரியாது, முதலில் ஓரப் பார்வை போவதால் பலர் கவனிப்பதே இல்லை. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம்.

முதலில் சொட்டு மருந்து, பிறகு லேசர். போதவில்லை என்றால், டிராபெகுலெக்டமி என்ற அறுவை சிகிச்சையில் நீருக்கு மாற்றுவழி திறப்பார்கள். சிலருக்கு அந்த வழியும் தழும்பு ஏறி மூடிக்கொள்ளும். அவர்களுக்கும், சர்க்கரை நோயால் கண்ணில் புது ரத்தக்குழாய்கள் முளைத்து அழுத்தம் ஏறியவர்களுக்கும் கைகொடுப்பது வடிகுழாய்க் கருவி. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய டாக்டர் ஆன்டனி மோல்ட்டினோ 1969இல் இதற்கு அடித்தளமிட்டார். பேர்வெல்ட், அகமது கருவிகள் பின்னர் வந்தன. ஆனால், ஒன்றின் விலை பல நூறு டாலர். ஏழை நோயாளிக்கு அது எட்டாக்கனி.

கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைக் குறைந்த விலையில் தருவதற்காக 1992இல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப், இந்த நிலையை மாற்றியது. பேர்வெல்ட் கருவியின் அமைப்பை ஒட்டி அது உருவாக்கிய 'ஆடி' என்ற சிலிக்கோன் கருவி, சுமார் 50 டாலர் விலையில் 2013இல் வந்தது.

350 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள அதன் தட்டை, வெள்ளைவிழியின் மேல், விழியை அசைக்கும் இரண்டு தசைகளுக்கு அடியில் செருகித் தைக்கிறார்கள். ஊசியால் துளையிட்டு, மெல்லிய குழாயின் நுனியைக் கருவிழிக்குப் பின்னால் உள்ள அறைக்குள் நுழைக்கிறார்கள். இதில் வால்வு கிடையாது. நீர் ஒரேயடியாக வடிந்து கண் தளர்ந்துவிடாமலிருக்க, தானே கரையும் நூலால் குழாயை இறுகக் கட்டுகிறார்கள். ஐந்தாறு வாரத்தில் நூல் கரைவதற்குள் தட்டைச் சுற்றி ஒரு திசு உறை உருவாகிவிடும். நீர் அதன் வழியே கசிந்து உடலில் கலக்கும். குழாய் வெளியே துருத்தாமலிருக்க, பெரும்பாலும் தானமாகக் கிடைத்த கண்ணின் வெள்ளைவிழித் துண்டையே மேலே வைத்துத் தைக்கிறார்கள். ஒருவர் செய்த கண்தானம் இன்னொருவருக்கு இப்படியும் உதவுகிறது.

ஆபரேஷன் முடிந்ததும் கவலை விட்டது என்று இருந்துவிடக் கூடாது. நூல் கரையும் வரை சொட்டு மருந்து தொடர வேண்டும். கரையும் நாட்களில் அழுத்தம் சட்டென்று இறங்கலாம். பார்வை மங்கினாலோ வலித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். குழாய் வெளியே தெரிவது, கிருமித் தொற்று, கருவிழி மங்குவது ஆகியவை ஆண்டுகள் கழித்தும் வரலாம். சோதனைக்கு வருவதை நிறுத்தவே கூடாது.

விலைத் தடை பெரிதும் குறைந்துவிட்டது. இனி நாம் இழக்கக் கூடாதது காலத்தை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்தால், உங்கள் கண்ணழுத்தத்தையும் பார்வை நரம்பையும் இப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால், பலருக்குச் சொட்டு மருந்தே போதும்.