புழுக்கமெல்லாம் மழையாகுமா?

விடியும்போதே சட்டை உடம்போடு ஒட்டுகிறது. கொடியில் போட்ட துணி காயவில்லை. சிரட்டையில் வைத்த உப்புக் கசிந்து கிடக்கிறது. “இன்றைக்கு மழைதான்” என்று காயவிட்ட நெல்லை அள்ளி வைக்கிறோம். பொழுதுபடும் வரை ஒரு துளியும் விழுவதில்லை. மறுநாள் வெயிலை நம்பிப் படங்கை விரித்தால், மூன்று மணிக்கு இடியோடு கொட்டுகிறது.

மட்டக்களப்பு நகரத்தின் ஓரத்தில் வந்து தங்கியிருக்கும் விவசாயக் குடும்பங்கள் பல இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். “எங்கட ஊரில் வானத்தைப் பார்த்தால் தெரியும். இங்கே ஒன்றும் பிடிபடுகுதில்லை” என்கிறார்கள். இது அவர்களுடைய அறிவில் உள்ள குறை அல்ல. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வானமும் கடலோரத்து வானமும் ஒரே விதமாக நடப்பதில்லை. காரணத்தை விளங்கிக்கொண்டால் இந்த வானத்தையும் நாம் படிக்கலாம்.

முகில் உண்டாவது எப்படி?

இந்நகரத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டிலிருந்தும் நீர் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராம் அளவையே தாங்கும். காற்று தன்னால் இயன்றதில் முக்கால் பங்கை ஏற்கெனவே சுமந்து நிற்கும்போது எங்கள் வியர்வை உலர்வதில்லை. அதுவே புழுக்கம்.

ஆனால் ஈரம் மட்டும் இருந்தால் முகில் உண்டாகாது. காற்றுக் குளிர வேண்டும். அதற்கு அது மேலே ஏற வேண்டும். மேலே போகப்போக அமுக்கம் குறைவதால் காற்று விரிகிறது. விரியும் காற்றுக் குளிர்கிறது. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை குறையும். மேலே சொன்ன 30 பாகைக் காற்று முக்கால் பங்கு ஈரத்தோடு ஏறினால், ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில் நீராவியைத் தாங்க முடியாத நிலையை அடைகிறது. சோற்றுப் பானையின் மூடியில் ஆவி துளியாவதைப்போல, அங்கே கடல் உப்பு, புகை, தூசி ஆகியவற்றின் நுண்துகள்கள்மீது நீராவி ஒடுங்குகிறது. முகிலின் அடிப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோலத் தட்டையாக இருப்பது இதனால்தான்.

ஒரு மழைத்துளி உண்டாக ஏறத்தாழ பத்து இலட்சம் முகில் துளிகள் சேர வேண்டும். ஆகவே சிறு முகில்கள் மழை தருவதில்லை. காற்று விடாமல் ஏறி முகிலை வளர்க்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு வாரம்

ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காற்றோட்டம் குறைவு. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பின் தரை கடலைவிட விரைவாகச் சூடேறும். தரையின் சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று வருகிறது. இது குளிர்ந்த காற்று. எளிதில் மேலே ஏறாது. ஆகவே கடலோரத்தில் புழுக்கம் இருந்தும் வானம் பெரும்பாலும் வெளித்திருக்கும். அதே கடற்காற்று உள்ளே போய்ச் சூடான காற்றை முட்டி மேலே தள்ளும் இடத்தில், அதாவது படுவான்கரைப் பக்கத்தில், முகில்கள் கோபுரமாக எழுகின்றன.

மேலே உள்ள காற்று மேற்கிலிருந்து வீசினால் அம்முகில்கள் பின்னேரம் நகரத்துக்கு வந்து பெய்யும். இல்லாவிட்டால் மழை அங்கேயே நின்றுவிடும். ஒரு வாரம் முழுவதும் ஒரே புழுக்கமாக இருந்தும் இரண்டு நாள் மாத்திரம் மழை பெய்வது இதனாலேயே.

டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று நிலைபெற்றதும் நிலைமை மாறும். முகில் கடலிலிருந்து வரும். மப்பும் மந்தாரமுமாக வானம் மூடி, இரவு பகல் பாராமல் பரவலாகப் பெய்யும். மட்டக்களப்பின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் கிடைக்கிறது.

வானத்தைப் பார்த்து முடிவு செய்தல்

மதியத்தில் முகில்கள் உயரத்தைவிட அகலம் கூடியவையாக, வெள்ளையாகச் சிதறி நின்றால் நெல் காயலாம். மதியத்துக்கு முன்பே அகலத்தைவிட உயரமாக வளர்ந்தால் மேற்கைப் பார்த்துக்கொண்டிருங்கள். முகிலின் தலை பட்டடைபோல விரிந்து, அடி கறுத்து, திடீரெனக் குளிர்காற்று அடித்தால் உடனே அள்ளுங்கள். இடி கேட்டால் வயலிலும் தோணியிலும் மரத்தடியிலும் நிற்க வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணும் ஒவ்வொரு மூன்று விநாடியும் ஒரு கிலோமீற்றர் தூரம்.

புயலை மட்டும் எங்கள் கண்ணை நம்பிக் கணிக்கக் கூடாது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய புயலை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதற்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்டு நடப்பதே பாதுகாப்பு.

விதைக்க முன்

இடிமழை முகில் ஒன்று சில கிலோமீற்றர் அகலமே இருக்கலாம். நாம் தங்கியிருக்கும் இடத்தில் கொட்டிய மழை எங்கள் வயலில் ஒரு துளியும் விழாதிருக்கலாம். இரவு கூரையில் கேட்ட மழையை நம்பி, இருக்கும் ஒரேயொரு மூட்டை விதைநெல்லையும் கொண்டுபோய் எறிந்தால், மேல்மண் ஈரத்தில் முளைத்தது நாலு நாள் வெயிலில் கருகிவிடும். மறுபடி விதைக்க நெல் எங்கே?

ஆகவே வயலுக்குப் போய் மண்வெட்டியால் கொத்தி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். நேரான பக்கமுள்ள வெற்றுத் தகரப்பேணி ஒன்றை வரம்பருகே வெளியான இடத்தில் வைத்து, மழை விட்டதும் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளவுங்கள். ஒரு மில்லிமீற்றர் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லீற்றர் தண்ணீர். தினமும் போக முடியாதவர்கள், வயலுக்குப் பக்கத்தில் இருப்பவரைத் தொலைபேசியில் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

நகரத்தில் பெய்த மழையைக் கேட்டு விதைக்க வேண்டாம். வயலில் இறங்கிய ஈரத்தைப் பார்த்து விதைப்போம்.