உயரத்தில் உயிர் காக்கும் கயிறு

கிணற்றில் நீர் இறைத்தல், படகைக் கரையில் பிணைத்தல், பந்தற்கால் கட்டுதல் என நம் வாழ்வில் கயிற்றுக்குப் பணிகள் பல. அங்கெல்லாம் கயிறு அறுந்தால் இழப்பது ஒரு குடமாகவோ ஒரு பந்தலாகவோ இருக்கும். மலைச்சரிவிலோ பன்மாடக் கட்டடத்திலோ சிக்கியவரை மீட்கும் கயிற்றின் முனையில் தொங்குவதோ ஓர் உயிர். ஆதலின் அக்கயிற்றை அமைக்கும் முறையையும் ஆளும் முறையையும் ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

ஒரு துயர நிகழ்ச்சி

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், ஜார்க்கண்ட் மாநிலத்தின் தேவ்கர் அருகேயுள்ள திரிகூட மலையில் கம்பிவட ஊர்தி பழுதுற்றது. பயணிகள் பெட்டிகளுடன் அந்தரத்தில் சிக்கினர். விமானப்படை, தரைப்படை, தேசியப் பேரிடர் மீட்புப் படை ஆகியவற்றின் வீரர்கள் 40 மணி நேரத்திற்கும் மேலாகப் போராடி, நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்தனர். எனினும், மீட்கப்படும் வேளையிலேயே இருவர் கீழே விழுந்து மாண்டனர். பயிற்சி மிக்கோர் கைகளிலேயே இப்பணி இத்துணை அரிதாயின், பயிலாதோர் கைகளில் என்னாகும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கயிற்றின் இயல்பு

மீட்புக் கயிறு இரு பகுதிகளால் ஆனது. எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அமைந்த இழைத்தொகுதி. அதனை உராய்விலிருந்து காப்பது வெளியே பின்னப்பட்ட உறை. மலையேறுவோர் பயன்படுத்தும் கயிறு நன்கு நீளும். விழுபவரின் அதிர்ச்சியை அந்நீட்சி தணிக்கும். மீட்புக்குரிய கயிறோ குறைவாகவே நீளும். தூக்கும்போதும் இறக்கும்போதும் அது ஊசலாடலாகாது. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றைக் கொள்வது பிழையாகும்.

ஐரோப்பியத் தரவிதிப்படி முதல் வகை மீட்புக் கயிறு ஏறத்தாழ 2,200 கிலோ எடைக்குரிய விசையைத் தாங்க வேண்டும். ஒருவரின் எடையோ நூறு கிலோவை ஒட்டியது. இவ்வளவு மிகுதி எதற்கு என வினவலாம். முடிச்சு இட்டவுடன் கயிற்றின் வலிமையில் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைகிறது. ஈரம், தேய்மானம், திடீர் அதிர்ச்சி ஆகியனவும் அதனைக் குறைப்பன. இவை அனைத்திற்கும் ஈடாகவே அம்மிகுதி தேவைப்படுகிறது.

பிடிமானமும் கோணமும்

கயிறு எத்துணை வலிதாயினும், அதனைக் கட்டிய இடம் பெயர்ந்துவிடின் பயனில்லை. துருவேறிய கைப்பிடிக் கம்பியும், காரை உதிர்ந்த சுவரும், மேலோடிய வேர் கொண்ட மரமும் நம்பத்தக்கன அல்ல. ஒன்று தவறினும் மற்றொன்று தாங்குமாறு, தனித்தனியான இரு பிடிமானங்களேனும் வேண்டும்.

இரு பிடிமானங்களிலிருந்து வரும் கயிறுகள் ஒரு புள்ளியில் கூடுகையில், அவற்றிடையே அமையும் கோணம் இன்றியமையாதது. நூறு கிலோ எடை தொங்குவதாகக் கொள்வோம். கோணம் 60 பாகையாயின் ஒவ்வொரு பிடிமானமும் 58 கிலோவைத் தாங்கும். 90 பாகையாயின் 71 கிலோ. 120 பாகையில் ஒவ்வொன்றும் முழு நூறு கிலோவையும் தாங்க நேரிடும். 150 பாகையிலோ சுமை ஏறத்தாழ இருமடங்காகும். பங்கிட்டுத் தாங்கவென அமைத்த இரண்டும் தனித்தனியே மிகுசுமை ஏற்கும் விந்தை இது. கோணம் குறுகக் குறுகக் காப்பு மிகும் என்பதை மாணவர்கள் மனங்கொள்க.

இரண்டாவது கயிறு

மீட்பில் ஒரு கயிற்றை மட்டும் நம்புதல் ஆகாது. சுமை தாங்கும் முதற்கயிற்றோடு, வேறு பிடிமானத்தில் கட்டிய காப்புக் கயிறும் உடன் செல்ல வேண்டும். அது தளர்ந்து தொங்கலாகாது. தளர்ச்சி மிகுந்தால் விழும் தொலைவு மிகும். விழும் தொலைவு மிகுந்தால் உடலைத் தாக்கும் அதிர்ச்சியும் மிகும். ஆதலால் பிடிமானம் தலைக்கு மேலே இருத்தலே நன்று.

கயிற்றின் பெரும்பகை கூரிய விளிம்பு. சுமையோடு இறுகிய கயிறு பாறை விளிம்பிலோ தகட்டு விளிம்பிலோ பக்கவாட்டில் உரசின் நொடியில் அறுபடக்கூடும். விளிம்பின் மீது தடித்த சாக்கையோ பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டையோ இட்டுக் காத்தல் வேண்டும். நைலான் கயிற்றின் மீது நைலான் கயிறு ஓடி உராய்தலும் கேடே. அவ்வெப்பத்தால் இழை உருகும்.

புறப்படுமுன்

கயிற்றை முழுநீளமும் கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். மென்மையாகக் குழையும் இடம், வீக்கம், உறைக்கிழிசல், வெப்பத்தால் பளபளத்த பகுதி ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்படின் அக்கயிற்றை விலக்குக. கொக்கிகளின் பூட்டு மூடியுள்ளதா, உடற்கச்சையின் வார்கள் இறுகியுள்ளனவா, முடிச்சின் முனை போதிய நீளம் விடப்பட்டுள்ளதா என்பனவற்றைத் தாம் பார்த்தபின் தோழர் ஒருவரும் பார்த்தல் வேண்டும். தம் பிழை தமக்குத் தோன்றாதிருத்தல் மனித இயல்பு. மின்கலத்தின் அமிலம் பட்ட நைலான் கயிறு, கண்ணுக்கு நன்றாகத் தோன்றினும் வலுவிழந்திருக்கும். வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்து, வாங்கிய நாளையும் பயன்படுத்திய நாள்களையும் ஏட்டில் குறித்து வருதல் நலம்.

தொங்குபவரின் நிலை

கச்சையில் அசைவற்றுத் தொங்குபவருக்கு விழும் ஆபத்து நீங்கினும் மற்றோர் ஆபத்து உண்டு. கால்களில் குருதி தேங்கி மயக்கம் நேரும். தாமதித்தால் உயிருக்கே இடர். எனவே மீட்பு விரைந்து நிகழ்தல் வேண்டும். நினைவுள்ளவராயின் கால்களை அசைத்துக்கொண்டிருக்கச் சொல்லுதல் நன்று. மீட்டவரைப் படுக்கவையாது அமர்த்தியே வைக்க வேண்டும் என்று முன்னர்க் கூறியதுண்டு. 2009இல் பிரிட்டனில் வெளிவந்த மதிப்பீடு, அதற்குச் சான்றில்லை என்றும் வழக்கமான முதலுதவியே போதும் என்றும் தெளிவாக்கியது.

நிறைவாக

இக்கட்டுரையைப் படித்த அளவிலேயே கயிற்றை எடுத்துக்கொண்டு மலைக்கோ மாடிக்கோ செல்லுதல் தகாது. நீச்சலை ஏட்டில் கற்க இயலாதது போன்றே இதுவும் பயிற்சியால் மட்டும் வருவது. ஆயினும், இதனை அறிந்தோர் இரண்டு நன்மைகளைச் செய்யலாம். ஒற்றைக் கயிற்றில் தொங்கியவாறு நம் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் தொழிலாளிக்கு இரண்டாவது கயிறும் உடற்கச்சையும் கிடைக்கச் செய்யலாம். இடர் நேர்கையில் பதறி இறங்க முற்படும் இளைஞரைத் தடுத்துத் தீயணைப்புத் துறையை 101 என்னும் எண்ணில் அழைக்கலாம். ஓர் உயிரைக் காக்கச் சென்று ஈருயிரை இழவாதிருத்தலே மீட்புக் கலையின் முதற்பாடமாகும்.